வேரும் விஷமும்

மூலிகையைக் குறை சொன்னேன் என்று நண்பர் ஒருவருக்கு என்மேல் கோபம். நான் குறை சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றேன். அதையும் ஒழுங்காகச் செய்யுங்கள் என்றேன்.

நன்னாரி வேர் பாம்பு விஷத்தை முறிக்கிறது என்று சோதனைச்சாலையிலிருந்து செய்தி வந்தால் நமக்கு ஒரே பூரிப்பு. எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்பதில்லை. இத்தகைய சோதனைகள் பலவற்றில் விஷத்தையும் சாற்றையும் முன்கூட்டியே கலந்து வைத்துவிட்டுத்தான் எலிக்கு ஊசி போடுகிறார்கள். தாவரங்களில் உள்ள துவர்ப்புச் சத்து விஷத்தின் புரதத்தைக் கண்ணாடிக் குழாயிலேயே திரித்துவிடக்கூடும். எந்த நல்ல பாம்பு ஐயா நன்னாரிச் சாறு கலந்து கடிக்கிறது?

“பச்சிலையில் பிழைத்தவர் உண்டே!” என்பார்கள். உண்டு. கடித்தது விஷமில்லாப் பாம்பாக இருக்கலாம். விஷப் பாம்புகூடச் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். பிழைத்தவன் வைத்தியரைப் புகழ்கிறான். செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சோதனை மூலிகைக்குப் பகையல்ல. பாம்புக்கடிக்கென்று பெயர் பெற்ற சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் ரிசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். அது ரத்தக் கொதிப்புக்கு மருந்தாயிற்று. சோதித்ததால்தானே அந்த வேரின் அருமை உலகுக்குத் தெரிந்தது?

ஆகவே, முதலில் விஷம்; நேரம் கழித்துச் சாறு. அதில் தேறிய வேரை நானே தலையில் வைத்துக் கொண்டாடுவேன். அதுவரை, கடிபட்டவனை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.