செத்த இதயம் துடித்தது!

இதய ஆபரேஷன் பழகும் டாக்டர் யார் மீது பழகுவது? நோயாளி மீதா?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு குழந்தைகள் மருத்துவமனையில் 2017-ல் ஒரு புதுமை செய்தார்கள். கண்ணில் ஒரு கருவியை மாட்டினால் எதிரே குழந்தையின் இதயம் பெரிதாக விரியும். உள்ளேயே போய், பிறவி ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். சினிமா தோற்றது!

ஆனால், தையல் போட வேண்டுமே! நூலை அதிகம் இறுக்கினால் சதை கிழியும். தளர்ந்தால் ரத்தம் கசியும். அந்தப் பக்குவம் விரலுக்குத்தான் தெரியும். வெறும் காட்சி அதைத் தராது.

இந்தக் குறைக்கு ஜமைக்கா தீவில் முன்பே வழி கண்டிருந்தார்கள். அங்கே இதய ஆபரேஷன்கள் குறைவு. பழகுவோருக்கு வாய்ப்பும் குறைவு. டாக்டர் பால் ராம்பால் குழுவினர் ஒரு பன்றி இதயத்தை எடுத்தார்கள். உள்ளே பலூன்களை வைத்தார்கள். கம்ப்யூட்டர் அவற்றை ஊதிச் சுருக்கியது. செத்த இதயம் துடித்தது! 2005-ல் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். பிறகு அமெரிக்காவிலும் இம்முறையில் பயிற்சி நடந்தது.

பன்றி இதயம் கிழிந்தால் இன்னொன்று எடுக்கலாம். பத்து முறை கிழித்துப் பழகிய கைதான், மூத்த டாக்டர் பக்கத்தில் நிற்க, மனித இதயத்தைத் தொட வேண்டும்.