இடிப்பது காரா? மேடா?

ஞாயிற்றுக்கிழமை. சின்ன காரில் ஐந்து பேர். டிக்கியில் பையும் பாத்திரமும். சென்னையில் ஏதோ ஒரு தெருமுனை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'கரக்' என்று அடிவயிறு உரசுகிறது. ஓட்டுகிறவருக்கு நெஞ்சு பதறுகிறது!

மறுநாளே கார் சாமான் கடைக்கு ஓடுகிறார். "ஸ்பிரிங் நடுவுல ரப்பர் வெச்சுடலாம் சார், வண்டி தூக்கிக்கும்" என்கிறார் கடைக்காரர். சிறிது நேரத்தில் வேலை முடிகிறது. கார் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. காசும் குறைவு. ஒரே சந்தோஷம்!

இந்த சந்தோஷம் நிலைக்காது என்பதே நம் கருத்து.

ஆளுக்கொரு வேலை

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். காரின் உயரம் அதன் கையில்தான் இருக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் புகுந்து போவதால் துள்ளல் அடங்குகிறது. ஆகவே, கார் தாழ்ந்து போனதற்கு ஷாக்கை மாற்றுவதும், துள்ளுவதற்கு ஸ்பிரிங்கை மாற்றுவதும் தலைவலிக்குக் காலில் தைலம் தடவுகிற கதை!

ரப்பர் வைத்த இடத்தில் சுருள் சரியாக அமுங்காது. ஸ்பிரிங் விறைத்துவிடும். பள்ளத்தின் அடி நேரே முதுகுக்கு வரும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். சக்கரத்தின் கோணம் மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

'ஸ்டைல்' என்று ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்தும் இளவட்டங்களுக்கும் இதே கதிதான். முதுகும் போகும், காசும் போகும்!

வீட்டு வாசலிலேயே சோதனை

முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். காற்று அதிகமானாலே கார் கட்டை வண்டி மாதிரி குதிக்கும். பிறகு சமதரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். இடதும் வலதும் வித்தியாசப்பட்டால் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கக்கூடும். ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. ஊஞ்சல் ஆடினால் ஷாக் போச்சு! ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்திருந்தாலும் அதே தீர்ப்புதான்.

மாற்றும்போது முன்னே என்றால் முன்னே இரண்டும், பின்னே என்றால் பின்னே இரண்டும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு உரியதையே கேளுங்கள். டீசல் கார் முன்பக்கம் கனம். பெட்ரோல் கார் ஸ்பிரிங் அதற்கு ஆகாது. புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், பழைய ஷாக் வேண்டாம். அதன் ஆயுளில் மிச்சம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வேலை முடிந்ததும் 'வீல் அலைன்மெண்ட்' பார்க்க மறக்காதீர்கள். ஷாக் போன கார் பிரேக் போட்டாலும் தள்ளிப் போய்த்தான் நிற்கும். உயிர் சமாசாரம்!

மேட்டின் கதை

இத்தனையும் செய்த பிறகும் இடிக்கிறதா? அப்படியானால் குற்றவாளி மேடுதான்!

இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் வகுத்த விதியில் வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் என்று இருந்தது. சின்ன கார்களுக்கே தரையிலிருந்து 16 சென்டிமீட்டர் போல இடைவெளி உண்டு. விதிப்படி சரிவாகப் போட்ட மேட்டில் நல்ல கார் இடிக்க வழியே இல்லை. ஆனால் நம் தெருக்களில் பல இடங்களில் இருப்பது வேகத்தடையா, படிக்கட்டா?

அப்படிப்பட்ட மேட்டைக் கண்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்ற வேண்டியது கார்க்காரர் பொறுப்பு. மேடு எகிறினால் செதுக்க வேண்டியது மாநகராட்சியின் பொறுப்பு.

மேடு ஏற ஏற, ஊரே காரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதிகாரிகள் கவனிப்பார்களா?