முதலில் அட்ரினல், பிறகு தைராய்டு

அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைச் சாலை முழுக்கக் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும்தான். வெட்டுக்குப் போகும் பெண்கள் பொழுது விடியும் முன்பே கொல்லையில் இறங்கிவிடுவார்கள். 'கை கால் அசந்து வருது', 'குனிஞ்சு நிமிர்ந்தா கிறுகிறுங்குது' என்று அவர்கள் சொன்னால் யாருக்கும் அது புதுசாகத் தெரியாது. உழைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று கேட்டவரும் சொன்னவரும் விட்டுவிடுவார்கள்.

இப்போது அந்த அசதிக்குச் செல்போன் வழியாக ஒரு பெயர் வந்திருக்கிறது: 'அட்ரினல் களைப்பு'. தைராய்டு மாத்திரை போட்டும் சோர்வு தீரவில்லையா? மன உளைச்சலில் அட்ரினல் சுரப்பி களைத்துப் போய்விட்டது, இந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார்கள். 1998இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்க கைரோபிராக்டர். 2016இல் பிரேசில் மருத்துவர்கள் இருவர் 58 ஆய்வுகளை அலசிப் பார்த்து, இப்படி ஒரு நோய் இருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். அட்ரினலுக்கென்று அமெரிக்கக் கடைகளில் விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அத்தனையிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது.

அந்தப் பெயர் பொய் என்பதால் அசதியும் பொய் என்று ஆகிவிடாது. என் கவலையே அங்கேதான் தொடங்குகிறது. அட்ரினல், தைராய்டு என்ற இந்த இரண்டு சுரப்பிகளும் சேர்ந்து கெடுகிற நிஜமான நோய்கள் உண்டு. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க மருத்துவம் நூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறது. ஒரு விளம்பரப் பெயர் வந்து அந்தத் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

1855இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் அழிந்துபோனால் மனிதர் எப்படி மெலிந்து, கருத்து, எழ முடியாமல் சாகிறார் என்று எழுதினார். அப்போது அதற்கு மருந்து கிடையாது. தைராய்டுக்கு விடிவு சீக்கிரமே வந்தது. 1891இல் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட, அவர் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 1914 கிறிஸ்துமஸ் அன்று தைராய்டு ஹார்மோனான தைராக்சினைப் பிரித்தெடுத்தவர் எட்வர்ட் கெண்டல். அதே மனிதர்தான் பிறகு அட்ரினல் பக்கம் திரும்பி, கார்ட்டிசோனுக்காக 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு சுரப்பிகளின் நோயாளிகளும் இன்று மாத்திரையோடு முழு ஆயுளும் வாழ முடிகிறதென்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டும் சேர்ந்து கெடுவதை ஜெர்மானிய மருத்துவர் ஷ்மிட் 1926இல் எழுதினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இரண்டு சுரப்பிகளையும் அரித்துவிடும் நிலை அது. இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. தைராக்சின் உடம்பின் ஓட்டத்தைக் கூட்டும். அட்ரினல் சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசாலில் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையும் சீக்கிரம் தீர்த்துவிடும். அட்ரினல் செத்துக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் வாந்தி, வயிற்றுவலி, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம், சமயத்தில் மரணமே நேரலாம். அதனால்தான் முதலில் அட்ரினலுக்குக் கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்சின் என்ற வரிசை.

ஆனால் இதைக் கண்டுபிடிப்பதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அடிசன் நோயின் முக்கிய அடையாளம் தோல் கருப்பது. கரும்புக் கொல்லையில் வேலை பார்க்கிற பெண் கருத்தால் வெயில் என்பார்கள். மருத்துவர் அவர் உள்ளங்கையை விரித்து ரேகைகளுக்குள் பார்க்க வேண்டும். உதட்டை விலக்கி ஈறைப் பார்க்க வேண்டும். வெயில் படாத அந்த இடங்களும் மை தடவியது போல் கருத்திருந்தால், கூடவே ஊறுகாயையும் உப்பையும் நாக்கு தேடிக்கொண்டே இருந்தால், காசநோய் வந்து போனவரா என்றும் விசாரிக்க வேண்டும். இந்தியாவில் அட்ரினலை அழிக்கும் காரணங்களில் காசநோய் இன்னும் முக்கியமானது.

மலைப்பக்கம் போனால் கதை வேறு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சாலையும் ஆஸ்பத்திரியும் மெல்லத்தான் மேலே ஏறின. வீட்டுப் பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் பிழைத்தெழுந்த தாய்மார்களை நினைத்தால் எனக்கு ஹெரால்டு ஷீஹன் நினைவுக்கு வருகிறார். பிரசவ ரத்தப்போக்கில் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ரத்தம் கிடைக்காமல் அழிந்துவிடுவதை 1937இல் விளக்கியவர் அவர். அட்ரினலையும் தைராய்டையும் ஏவுகிற சுரப்பி அது. அது போனால் இரண்டும் படுத்துவிடும். குழந்தைக்குப் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, அக்குள் முடி உதிரும். சோர்வு வருஷக்கணக்கில் வளரும். காஷ்மீரில் 2005இல் வெளியான ஆய்வு, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இது இருப்பதாகக் கணித்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள். இந்தப் பெண்களுக்கு லேபில், தைராய்டை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் அளவு சரியாகவே வரலாம். 'தைராய்டு இல்லம்மா' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். டி4, அதாவது தைராக்சின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அட்ரினல் படுத்துவிடுவதற்கான மூன்றாவது காரணத்தை நாமே உண்டாக்குகிறோம். மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் 'உடனே கேக்கிற' ஊசி, பெயரில்லாத பொட்டலத்து மாத்திரை. பல இடங்களில் அதனுள் இருப்பது ஸ்டீராய்டு. முகம் உருண்டு வரும். 'பூசினாப்போல ஆயிட்ட' என்று சொந்தக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருவதால் அட்ரினல் தன் வேலையை நிறுத்திவிடும். காசில்லாமலோ பயந்துபோயோ திடீரென்று மருந்தை விட்டால், அந்தச் சுரப்பியால் சட்டென்று எழ முடியாது. காய்ச்சலோ பேதியோ வந்தால் ஆள் சரிந்துவிடுவார். அட்ரினல் சோர்ந்தது என்று எதையாவது சொல்லலாமென்றால் இதைத்தான் சொல்லலாம். மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அந்த மாத்திரையைக் கொடுத்தவர்கள் சொல்லி அனுப்புவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ரத்தசோகை நிற்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயதுக்குள், நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை. அசதி என்று வருகிறவரிடம் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதற்குப் பிறகு தைராய்டு.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அவர்கள் கண் உயர் அழுத்தத்தின் மேல்தான் இருக்கிறது. எழுந்து நின்றதும் அழுத்தம் சரிகிற பெண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். தைராய்டு மாத்திரை எழுதும் இடத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம்: பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, பால் சுரந்ததா, வலிக்கு ஊசியோ பொட்டலமோ வாங்கியதுண்டா. கேட்பதற்குச் செலவே இல்லை. செலவு வருவது கார்ட்டிசால் பரிசோதனைக்கு. அதற்கான ரத்தத்தைக் காலை எட்டு மணி வாக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் கார்ட்டிசால் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற ஊரிலிருந்து ஒரு பெண் எட்டு மணிக்குக் கீழே வந்து சேர்வதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தத்தை எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, அதைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பட்டும்.