காசியைவிட வீசம் அதிகம்... விருத்தாசலத்து ஓட்டின் எடை என்ன?

விருத்தாசலத்துக்காரர்களிடம் ஊர்ப் பெருமை கேட்டால், 'காசியைவிட வீசம் அதிகம்' என்பார்கள். மணிமுத்தாற்றில் குளித்து விருத்தகிரீஸ்வரரைக் கும்பிட்டால், காசிக்குப் போன புண்ணியத்தைவிட ஒரு வீசம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது நம்பிக்கை. வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு.

புண்ணியக் கணக்கு கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால், ஓட்டுக் கணக்கில் இது நிஜமாகவே உண்மை!

2024 மக்களவைத் தேர்தலில், கடலூர் தொகுதியில் உள்ள விருத்தாசலம் ஏப்ரல் 19 அன்று, முதல் கட்டத்திலேயே ஓட்டுப் போட்டுவிட்டது. காசி என்கிற வாரணாசி ஓட்டுப் போட்டது ஜூன் 1 அன்று, ஏழாவது கட்டத்தில். ஜூன் 4-ம் தேதி எண்ணியபோது கடலூரில் காங்கிரஸின் விஷ்ணு பிரசாத்தும், வாரணாசியில் பிரதமர் மோடியும் ஜெயித்தார்கள்.

அந்தத் தேர்தலில் கடலூரில் வாக்காளர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். வாரணாசியில் ஏறத்தாழ 20 லட்சம். இரண்டு ஊருக்கும் எம்.பி. ஒருவர்தான். அதாவது விருத்தாசலம் செராமிக் கம்பெனிகளில் ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் செய்யும் 10 பேரின் ஓட்டு, காசியில் பட்டு நெய்யும் 14 பேரின் ஓட்டுக்குச் சமம்.

இந்த இரண்டு தொகுதிகளில் மட்டும் அல்ல. 2024-ல் தமிழ்நாட்டில் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்களுக்கு ஓர் எம்.பி. என்றால், உத்தரப்பிரதேசத்தில் 19 லட்சம் பேருக்கு ஒருவர்.

இது யாரும் செய்த தில்லுமுல்லு இல்லை. மாநிலங்களுக்கான எம்.பி. எண்ணிக்கை இன்றும் 1971 மக்கள்தொகையை வைத்தே இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனாலேயே சீட்டை இழக்கக் கூடாது என்று 1976-ல் அந்த எண்ணிக்கையை நிறுத்திவைத்தார்கள். 2001-ல் வந்த 84-வது சட்டத் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள்.

தமிழ்நாட்டின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1962-ல் 41 எம்.பி.க்களை அனுப்பிய மாநிலம், 1967-ல் 39 பேரைத்தான் அனுப்ப முடிந்தது. 'நாமிருவர் நமக்கிருவர்' என்று சுவரில் எழுதியதை நம்பி அளவோடு பெற்ற குடும்பங்கள், 'அதற்கு இதுதான் பரிசா?' என்று கேட்பது நியாயம்தான்.

காசிக்காரர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 'எல்லோர் ஓட்டும் சமம் என்கிறீர்களே, என் ஓட்டு மட்டும் ஏன் எடை குறைவு?' என்று அவர் கேட்டால், சட்டென்று பதில் சொல்வது கஷ்டம்.

இரண்டு நியாயத்துக்கும் இடம் தருகிற வழியை டெல்லி கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு விருத்தாசலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் செராமிக் தொழிலாளி அச்சு செய்யும்போதே சுருக்கத்தைக் கணக்குப் போட்டு, கொஞ்சம் பெரிதாகச் செய்வார். வெந்து முடிந்த பிறகு இழுத்தால் பீங்கான் நீளாது, உடையும்.

தொகுதிக் கணக்கும் அப்படித்தான். பேச வேண்டியதைச் சூளை மூட்டும் முன்பே பேசிவிட வேண்டும்!