படகில் ஓட்டை என்று சொன்னால் குற்றமா?



சமீபத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள எளாவூர் பக்கம் போயிருந்தேன். அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. கரையோரக் குப்பம் ஒன்றில், வலை காயப்போட்டிருந்த மணல் திடலில் பசங்க வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசினோம். பேச்சு, டில்லியில் போராட்டம் நடத்திய மல்யுத்த வீராங்கனைகள் பக்கம் திரும்பியது.

"மெடல் வாங்கினவங்க எதுக்கு சார் ரோட்டுல உக்காரணும்? நாட்டுக்காக விளையாடுறவங்க விளையாட்டை மட்டும்தானே பார்க்கணும்?" என்றான் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

பக்கத்தில் இருந்த சிறுமி விடவில்லை. "ஏன் அண்ணா, காட்டுப்பள்ளி துறைமுகத்தைப் பெரிசாக்கக் கூடாதுன்னு எங்கப்பாவும்தான் மத்தவங்களோட போய் உக்கார்ந்தாரு. அதுக்காக அவரு நாட்டுக்கு விரோதியா?" என்று கேட்டாள்.

சபாஷ்! நல்ல கேள்விதான். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். முதலில், நம் நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

கைக்கு எட்டிய கோப்பை

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கு இடையே நடக்கும் டென்னிஸ் போட்டி. 1974ல் நம் அணி பிரமாதமாக ஆடியது. கோல்கட்டாவில் ஆஸ்திரேலியாவை வென்றது. புனேயில் சோவியத் யூனியனை வென்று, இறுதிப் போட்டிக்குப் போனது. அணியின் தூண்கள், சென்னையைச் சேர்ந்த அண்ணன் தம்பி ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ். விஜய்க்கு அப்போது 20 வயதுதான்.

இறுதிப் போட்டியில் எதிரணி எது தெரியுமா? தென் ஆப்பிரிக்கா.

அப்போது அந்த நாட்டில் நிறவெறி ஆட்சி நடந்தது. வெள்ளையருக்குத் தனிப் பள்ளிக்கூடம், மற்றவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம். கடற்கரையில் கூட வெள்ளையர் பகுதியில் மற்றவர் கால் வைக்க முடியாது. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை இல்லை. அங்கிருந்த இந்தியர்களுக்கும் இதே கதிதான். அவர்களில் நிறைய பேர் தமிழர்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய, 1860ல் நம் சென்னைத் துறைமுகத்தில் இருந்து கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்களும் அதில் உண்டு.

"இப்படிப்பட்ட ஆட்சியோடு நாங்கள் விளையாட மாட்டோம்" என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. ஒரு பந்து கூட ஆடாமல் கோப்பை தென் ஆப்பிரிக்காவுக்குப் போனது.

அதற்கு முன் 1966லும், பிறகு 1987லும் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றோம். டேவிஸ் கோப்பை இன்றுவரை நம் கைக்கு வரவில்லை. அந்த வீரர்களுக்கு எவ்வளவு ஏக்கமாக இருந்திருக்கும்! ஆனாலும், அந்த முடிவு சரியானதே என்று விஜய் அமிர்தராஜ் பின்னாளில் சொன்னார். 1994ல் நெல்சன் மண்டேலா தென் ஆப்பிரிக்காவின் அதிபரானார். நிறவெறி ஆட்சி ஒழிந்தது.

பதக்கத்தோடு கங்கைக் கரைக்கு

இரண்டாவது சம்பவம், 2023ல் நடந்தது. ஜனவரி மாதம், டில்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீரர்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். சாக்ஷி மாலிக், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். பஜ்ரங் புனியா, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். வினேஷ் போகத், உலகப் போட்டியில் இரண்டு முறை பதக்கம் வென்றவர்.

மல்யுத்த சம்மேளனத்தின் அன்றைய தலைவர், வீராங்கனைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது அவர்கள் புகார். அவர் அதை மறுத்தார். போலீசார் அந்த ஆண்டு ஜூனில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். எது உண்மை என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் பார்க்க வேண்டியது, புகார் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதை.

ஏப்ரலில் மீண்டும் போராட்டம் தொடங்கியது. அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி.உஷா, இப்படித் தெருவில் உட்காருவது ஒழுங்கீனம், நாட்டின் பெயரைக் கெடுக்கும் என்று கருத்து சொன்னார். சில நாட்கள் கழித்து நேரில் வந்து அவர்களைச் சந்தித்தார்.

மே 28ம் தேதி, புதிய பார்லிமென்ட் கட்டடத்தை நோக்கி, கையில் தேசியக் கொடியோடு ஊர்வலம் போனவர்களைப் போலீசார் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து, பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வாருக்கே போய்விட்டார்கள். விவசாய சங்கத் தலைவர்கள் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். டிசம்பரில் சாக்ஷி, தன் மல்யுத்த ஷூக்களை மேஜை மேல் வைத்துவிட்டு, விளையாட்டில் இருந்தே விலகினார்.

எங்கே இடிக்கிறது?

குட்டீஸ், இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1974ல் கோப்பையை விட்டுக்கொடுத்தார்கள். 2023ல் பதக்கத்தையே விடத் துணிந்தார்கள். இரண்டுமே, அநியாயம் என்று தாங்கள் நினைத்ததை எதிர்த்துத்தான்.

முதலாவதை இன்று பெருமையாகச் சொல்கிறோம். இரண்டாவதை மட்டும் "நாட்டுக்குக் கெட்ட பெயர்" என்று சிலர் சொன்னது ஏன்?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1974ல் நாடே முடிவெடுத்தது, வீரர்கள் கட்டுப்பட்டார்கள். 2023ல் வீரர்கள் தாங்களாகப் பேசினார்கள். இன்னொரு வித்தியாசம், தென் ஆப்பிரிக்கா தொலைவில் இருந்த நாடு. மல்யுத்த சம்மேளனமோ நம் வீடு. அடுத்த வீட்டுத் தவறைச் சொன்னால் கைதட்டுவோம். நம் வீட்டுத் தவறைச் சொன்னால், "வெளியே சொல்லாதே, மானம் போகும்" என்போம்!

ஏரியில் படகு போய்க்கொண்டிருக்கிறது. அடிப்பலகை வழியாகத் தண்ணீர் கசிகிறது. "ஓட்டை!" என்று ஒருவர் கத்துகிறார். அவர் படகுக்கு எதிரியா? அவரும் அதே படகில்தானே இருக்கிறார்!

மறுபக்கமும் உண்டு

ஆனால், ஓட்டையே இல்லாத படகில் ஒருவர் சும்மா கத்தினால்? எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். படகு கவிழ்ந்துவிடும். அதனால் அந்த எட்டாம் வகுப்புப் பையன் கேட்டதையும் தள்ளிவிட முடியாது.

ஒலிம்பிக்கில் 200க்கும் மேற்பட்ட நாடுகளும் அணிகளும் கலந்துகொள்கின்றன. ஒவ்வொருவரும் பதக்க மேடையில் தங்கள் நாட்டுச் சண்டையைப் பேசினால், அது விளையாட்டு மேடையாக இருக்காது. அதனால்தான் ஒலிம்பிக் சாசனத்தின் 50வது விதி, அங்கே அரசியல் பிரசாரம் கூடாது என்கிறது. 2021ல் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். போட்டி தொடங்கும் முன் அமைதியாகக் கருத்தைக் காட்டலாம். பதக்க மேடையில் கூடாது.

இன்னொன்று. வினேஷ் 2024ல் ஹரியானா சட்டசபைத் தேர்தலில் நின்று எம்.எல்.ஏ., ஆனார். "பார்த்தீர்களா, எல்லாம் அரசியலுக்குத்தான்" என்றார்கள் சிலர். அப்படிச் சந்தேகப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால், ஒரு புகார் உண்மையா என்பதைச் சாட்சியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். புகார் சொன்னவர் பிறகு என்ன ஆனார் என்பதை வைத்து அல்ல.

44 வருடம் கழித்து மன்னிப்பு

சில சமயம், யார் சரி என்று தெரிய ரொம்பக் காலம் ஆகும். 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோசும் அமெரிக்காவின் கறுப்பின வீரர்கள். தேசிய கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் தங்கள் மக்களுக்கு நடக்கும் அநீதியை உலகுக்குச் சொல்லத்தான்! வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன், அவர்களுக்கு ஆதரவாகச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டார்.

அமெரிக்க வீரர்கள் இருவரையும் அணியில் இருந்து நீக்கி அனுப்பினார்கள். நார்மனுக்கு அடுத்த ஒலிம்பிக்கில் இடம் கிடைக்கவில்லை. 2005ல், ஸ்மித்தும் கார்லோசும் படித்த கல்லூரியிலேயே இருவருக்கும் சிலை வைத்தார்கள். 2012ல் ஆஸ்திரேலிய பார்லிமென்ட் நார்மனிடம் மன்னிப்பு கேட்டது. ஆனால், அவர் 2006லேயே இறந்துவிட்டார். அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோசும் இருந்தார்கள்.

மூன்று கேள்விகள்

நம் அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு, பேசவும், ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடவும் எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை தருகிறது. அதற்குச் சட்டம் சில வரம்புகளும் வைத்திருக்கிறது. நாட்டின் ஜெர்சியைப் போட்டதும் அந்த உரிமை போய்விடாது.

இனி ஒரு வீரர் எதையாவது எதிர்த்துப் பேசினால், உடனே "துரோகி" என்றோ "ஹீரோ" என்றோ சொல்லாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. அவர் சொல்வது உண்மையா? அதற்குச் சாட்சி உண்டா?
2. முதலில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிப் பார்த்தாரா?
3. பேசுவதால் நஷ்டம் யாருக்கு? அவருக்கா, அப்பாவிகளுக்கா?

இந்த மூன்றையும் எளாவூர் பக்கத்துப் பசங்களிடமும் சொன்னேன். அந்தச் சிறுமி யோசித்துவிட்டு, "அப்படின்னா எங்கப்பாகிட்டயும் இதைக் கேக்கலாம், இல்ல சார்?" என்றாள். தாராளமாகக் கேட்கலாம்! நீங்களும் உங்கள் வீட்டில், வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் கொஞ்சம் திணறினாலும் விடாதீர்கள், குட்டீஸ்!