சோனகர்: சொல்லில் இரத்தம் தேடுவோருக்கு

கண்டியிலும் அக்குறணையிலும் நம்மவர் கூடும் மேடைகளில் ஒரு வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். "நாம் சோனகர். சோனகர் என்றால் அரபியர். எனவே தமிழ் நமக்கு இரவல் மொழி." இம்மூன்று வசனங்களில் முதலாவது மட்டுமே சரி.

சொல்லின் வழியைப் பாருங்கள். சின்னாசியாவின் மேற்குக் கரைக் கிரேக்கர் அயோனியர். பழைய பாரசீகத்தில் அவர்கள் யௌன, சமஸ்கிருதத்தில் யவனர், பாளியில் யோன. அசோகனின் கல்வெட்டு கூறும் யோன அரசன் அந்தியோகன் ஒரு கிரேக்கன். அரபு மொழி இன்றும் கிரேக்க நாட்டை யூனான் என்றே அழைக்கிறது. அரபியர் கிரேக்கருக்கு வைத்துள்ள பெயரை நாம் அரபு வம்சத்துக்கு அத்தாட்சியாக நீட்டுகிறோம்!

மேற்கிலிருந்து கடல்வழி வந்தவர்களை இங்குள்ளோர் அப்பெயரால் அழைத்தனர். கிரேக்கர் போய் அரபியர் வந்தபோதும் பெயர் நின்றது. சிங்களத்தில் அது யோனக, மலையாளத்தில் ஜோனகன், தமிழில் சோனகன். 'சோனகர்' என்ற வடிவமே தமிழ் நாவில் உருவானது. தமிழை உதறுவதற்குத் தமிழ்ச் சொல்லையே ஆதாரமாக்குவது என்ன நியாயம்?

அரபு வணிகர் இங்கு வந்து குடியேறியதை நான் மறுக்கவில்லை. அதற்குச் சான்றுகள் உண்டு. இச்சொல் அவற்றில் ஒன்றல்ல.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். நமது தனித்துவத்தை இன்னொருவர் தீர்மானிக்க விடாத அந்த மறுப்பு அவசியமானது. ஆனால் தனித்துவம் வேறு, தாய்மொழியைத் துறப்பது வேறு. முன்னதற்காக எழுதப்பட்ட பதிலைப் பின்னதற்குச் சாட்சியாக இழுப்பவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள்.

வம்சப் பெருமை நம்மைக் காக்கவுமில்லை. 1915இல் கண்டியில் வெடித்த கலவரத்தின் முதற்குறி கரையோரச் சோனகர். அது பரவியபோது இலங்கைச் சோனகரின் கடைகளும் தப்பவில்லை. 2018 மார்ச்சில் திகனையில் தீ வைத்தவர்கள் எவரது பாட்டனாரையும் விசாரிக்கவில்லை.

கண்டி மண்ணின் சித்திலெப்பையை நினைப்போம். நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவுடன் தோழமை கொண்டவர் அவர். அரபு மொழியை மதித்தவர். எனினும் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையையும், 1885இல் 'அஸன்பே சரித்திர'த்தையும் அவர் தந்தது தமிழில்.

பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்' என்றே இருக்கட்டும். பிள்ளைகளின் வாயிலிருந்து தமிழைப் பிடுங்க அதைக் காரணமாக்காதீர்கள்.