தடுமாறும் நொடியில்தான் பாடம்

லிட்டில் இந்தியாவை ஒட்டிய கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில், நிலைதடுமாறும் குழந்தைகளுக்கு இயன்முறை சிகிச்சையாளர்கள் நடை பழக்குகிறார்கள். அத்தகைய தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் நாம் செய்வது என்ன? விழாமல் இறுக்கிப் பிடிப்பது. அது அரை உதவிதான் என்பேன்.

நிமிர்ந்து நிற்க, மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வரவேண்டும்: உட்செவி, கண்கள், தசைகளும் மூட்டுகளும். அவற்றை ஒப்பிட்டு உடலின் சாய்வைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரும் பங்குண்டு. திருத்திப் பழகினால்தான் அந்தத் திறன் வளரும். 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்து, 17 முறை விழுவதாக 2012ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கூறியது. எல்லாக் குழந்தைகளும் விழுந்துதான் பழகுகிறார்கள். சிலருக்குக் கூடுதல் காலம் தேவை.

உட்கார்ந்து உருளும் வண்டி குழந்தையின் எடையைத் தானே தாங்கிக்கொள்கிறது. விபத்துகள் காரணமாகக் கனடா அதை 2004ல் தடைசெய்தது. நம் பழைய மர நடைவண்டியிலோ, குழந்தை சொந்தக் காலில் நிற்கிறது. நல்ல உதவியின் இலக்கணம் அதுதான்.

எவ்வளவு தாங்கல் வேண்டும் என்பதைச் சிகிச்சையாளர் சொல்வார். மாணவர்களே, நீங்கள் அருகில் கைநீட்டி நில்லுங்கள், தடுமாறியதுமே தூக்கிவிடாதீர்கள். சிறுமூளை பாடம் படிப்பது அந்த நொடியில்தான்.